கிழக்கு மேற்கு தெரியாத கருவி

அவள் தன் அம்மாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வலது பாதம் அவள் மடியில் இருந்தது, கீழே ஒரு பழைய துண்டு. மதிய மருந்தோடு நான் அறைக்குள் போனபோது கண்ட காட்சி இது. அதில் இரண்டு விஷயங்கள் சரியில்லை. விமானிச் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் வானத்தில் இருந்திருக்க வேண்டும். அப்புறம், வெட்டி முடித்த பெருவிரல் நகத்தையே மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள். சதையோரம் சிவந்துவிட்டது. பக்கவாதத்தில் மரத்துப்போன கால் என்பதால் அம்மாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார்.

நகவெட்டியை அவள் கையிலிருந்து எடுத்தேன். கை சில்லிட்டு, பிசுபிசுவென்று இருந்தது. உதட்டில் நிறமில்லை. நாடி ஓட்டமாக ஓடியது. இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்த இடத்திலிருந்து தானே நடந்து வந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, அடுத்தவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் சுவரோடு சரிந்து விழுகிறவர்கள் உண்டு. இவளைத் தரையில் படுக்க வைத்தேன். கால்களைத் தூக்கி முக்காலி மேல் வைத்துப் போர்வையால் மூடினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அவளாகத்தான் பேசினாள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"மலை மேல ஒரு வீடு இருந்துச்சு நர்ஸம்மா. கொடியில துணி காயுது. ஒரு பொம்பளை வாளியோட நிக்கிறா. அவ போட்டிருந்த கவுன்ல பூப்போட்டிருந்தது. அந்தப் பூ எனக்குத் தெரிஞ்சுது."

பறக்கிற விமானத்திலிருந்து ஒருத்தியின் கவுனில் உள்ள பூ தெரியக்கூடாது என்பது எனக்கே தெரியும். போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன்.

இந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா நகரப் பேருந்து ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சில வருடத்தில் குளியலறையில் விழுந்தார்; வலப்பக்கமும் பேச்சும் போயின. பேச்சு பாதி திரும்பி வந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். மகன் அடுத்த தெருவில் டயர் கடை நடத்துகிறான், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. மகள் இவள். துணை விமானி.

வீட்டில் இவளுக்குச் 'செக்கர்' என்று பெயர். படுக்கப் போகுமுன் அடுப்பு, தண்ணீர்க் குழாய், வாசல் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். நான் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தால் உறையைப் பிரித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டுவாள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் இது என் மேல் சந்தேகமில்லை, இவள் கை அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். பல்லியைப் பார்த்தால் மட்டும் நாற்காலி மேல் ஏறிவிடுவாள். காரை எப்போதும் பக்கத்து வீட்டு வாசலை மறைத்தே நிறுத்துவாள். "ஏரோபிளேனைக் கோட்டு மேல நிறுத்துறவளுக்குக் கார் மட்டும் கோணக்கட்டை" என்பான் அண்ணன். சிறுவயதில் அம்மாவின் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த நிறுத்தம் வந்தது என்று சொல்வாளாம். வளைவை வைத்தும் பிரேக்கை வைத்தும் சரியாகவே சொல்லிவிடுவாளாம்.

அப்படிப்பட்டவள்தான் தரையில் கிடந்தாள்.

கொஞ்சம் சூடு ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, இனிப்புத் தேநீரைக் குடித்து, நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குத்தான் கால் முக்காலி மேல் போக வேண்டும் போலாகிவிட்டது.

விமானத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய இரண்டு வழி. ஒன்று, மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞை; நம் போனில் இருக்கிற அதே ஜிபிஎஸ். இன்னொன்று, விமானத்துக்குள்ளேயே இருக்கும் ஜைரோப் பெட்டிகள். மூன்று பெட்டிகள். அவை வெளியே எதையும் பார்ப்பதில்லை. விமானம் திரும்புவதையும் வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்ந்து, புறப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு தூரம் இந்தப் பக்கம் வந்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு பேருந்தில் இருந்த சிறுமி போலத்தான். நேரம் போகப் போகக் கணக்கு சிறிது சிறிதாக வழுவும். அதை ஜிபிஎஸ் திருத்திக்கொடுக்கும். நல்ல கூட்டு.

ஆனால் எங்கள் எல்லைக்கு அப்பால் சில மாதங்களாகச் சண்டை. யாரோ யாரையோ குழப்புவதற்காகப் பொய்ச் சமிக்ஞைகளை வானத்தில் வீசுகிறார்கள். எங்கள் விமான நிலையம் வரைக்கும் அது வருகிறது. சில நாள் ஜிபிஎஸ் விமானத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டும், சில நாள் ஊருக்கு வெளியே காட்டும்.

"ஜைரோவுக்குக் கண்ணே கிடையாது. அதனால அதை ஏமாத்த முடியாது. ஜிபிஎஸ்ஸுக்கு யார் வேணும்னாலும் கண்ணுல மண்ணைத் தூவலாம்," என்றாள். அதனால் சண்டை தொடங்கியதிலிருந்து விமானிகளுக்கு ஒரே பாடம்தானாம். இரண்டும் முரண்பட்டால் ஜைரோவை நம்பு, ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடு.

சரியான பாடமாகத்தானே தெரிகிறது என்று கேட்டேன். சரியான பாடம்தான் என்றாள். அப்படியே செய்தோம் என்றாள். செய்ததனால்தான் மலைக்குப் போனோம் என்றாள்.

நான் குழம்பிப்போய் அவளைப் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டவளுக்கு எந்த நிறுத்தத்தில் ஏறினோம் என்று தெரிந்தால்தான் அடுத்த நிறுத்தம் தெரியும். ஜைரோவும் அப்படியே. காலையில் விமானம் அசையாமல் நிற்கும்போது, நீ இந்த இடத்தில் நிற்கிறாய் என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அத்தனை பெரிய இயந்திரம், அத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு போகிறது, அதற்குத் தான் நிற்கும் இடம் தானாகத் தெரியாதா என்று கேட்டேன்.

"பாதி தெரியும். பூமி சுத்துறதை அது உணர்ந்துக்கும். அதை வச்சு வடக்கு தெற்குல எங்க இருக்கோம்னு கண்டுபிடிச்சிடும், தப்பாச் சொன்னா ஒத்துக்காது. கிழக்கு மேற்கு மட்டும் அதுக்குத் தெரியவே தெரியாது. நாம சொல்றதுதான்."

அதைச் சொல்வது அன்று அவள் வேலை. விமானம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த எண்கள் விமானம் நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுவரில் ஒரு பலகையில் எழுதியிருக்கும், நிலையத்தின் வரைபடத்திலும் இருக்கும். அவர்களுடைய நிறுத்தத்தில் பலகைக்கு முன்னால் எப்போதும் உணவு வண்டி வந்து நின்றுகொள்ளும். வரைபடத்தை எடுத்துப் புரட்ட வேண்டும். அதே திரையில், விரலுக்குப் பக்கத்தில், ஜிபிஎஸ் காட்டும் இடம் தயாராக இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அது கீழே உள்ள காலிக் கட்டத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சண்டை வருவதற்கு முன் எல்லா விமானிகளும் வருடக்கணக்காகச் செய்தது அது. சண்டை வந்த பிறகும், பறக்கும்போது ஜிபிஎஸ்ஸை நம்பாதே என்று சொன்னார்களே தவிர, நிற்கும்போது நம்பாதே என்று யாருக்கும் தோன்றவில்லை. வார்டில் ரத்த அழுத்தத்தை அளக்காமல், முன் ஷிப்ட்காரி எழுதியதைப் பார்த்து எழுதிவைக்கும் நர்ஸுகளை நான் விரட்டியிருக்கிறேன். அதே வேலை.

அன்றைக்கு ஜிபிஎஸ் அவர்களை நகரத்தின் கிழக்கு ஓரத்தில் காட்டிக்கொண்டிருந்தது. வடக்கு தெற்கு சரி. கிழக்கு மேற்கில் ஒரு நகரத்தின் அகலம் அளவுக்குப் பொய். எண்ணில் பார்த்தால் கடைசி இலக்கங்களில் சிறிய வித்தியாசம். அவள் அழுத்தினாள்.

ஜைரோ ஒருமுறை மறுத்தது. நேற்று அணைத்தபோது இருந்த இடம் இதுவல்லவே என்று கேட்டது. எவ்வளவு தள்ளி என்று அது சொல்லாது. முந்தின நாள் பழுது பார்க்கும் கொட்டகையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய விமானம். இழுத்து வந்தால் அது இப்படிக் கேட்பது வழக்கம். அதே எண்ணை இரண்டாவது தடவை கொடுத்தால், நீ சொன்னால் சரி என்று ஏற்றுக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அவள் இரண்டாவது தடவை அழுத்தினாள்.

"நான் நர்ஸம்மா. நான். குழாயை மூணு தடவை பார்க்குறவ," என்றாள். அழவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டது போலச் சொன்னாள்.

மூன்று பெட்டிகளும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும், மூன்றுக்கும் சொன்ன வாய் ஒன்றுதானே. கேப்டன் தன் பக்கத் திரையைப் பார்த்து, எல்லாம் ஒத்திருக்கிறது என்றார். புறப்பட்டார்கள். நகரத்தைத் தாண்டும் வரை தரையிலிருந்து ரேடார்க்காரர்கள் திசை சொல்லிக்கொண்டே வந்தார்கள், அதனால் தவறு தெரியவில்லை. பிறகு மலைப்பக்கம், அங்கே ரேடார் கிடையாது.

பொய்ச் சமிக்ஞையின் எல்லையைத் தாண்டியதும் ஜிபிஎஸ் தெளிந்துவிட்டது. உண்மையைச் சொல்லத் தொடங்கியது. உடனே திரையில் எச்சரிக்கை: ஜைரோவும் ஜிபிஎஸ்ஸும் ஒத்துப்போகவில்லை. கேப்டனும் இவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம், மறுபடி ஆரம்பிச்சிடுச்சு என்று. பாடத்தில் சொன்னபடியே செய்தார்கள். உண்மை பேசிக்கொண்டிருந்ததை அணைத்தார்கள். பொய்யில் பிறந்ததை நம்பிக்கொண்டு போனார்கள்.

போய்ச் சேர வேண்டிய ஊர் இரண்டு மலைத்தொடருக்கு நடுவில் இருக்கிறது. அங்கே தூரம் சொல்லும் தரைக்கருவி அந்த வாரம் பழுதில் இருந்தது. மேகம் அடர்த்தி. திரையில் பள்ளத்தாக்கின் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திரைக்கு வெளியே மலையின் மேல். விமானத்தின் வயிற்றிலிருந்து கீழே அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து உயரத்தை அளக்கும் ஒரு எளிய கருவி உண்டு. அதற்கு ஜிபிஎஸ்ஸும் வேண்டாம், ஜைரோவும் வேண்டாம். அது கத்தியது. மேலே தூக்கு என்று கத்தியது. கேப்டன் தூக்கினார். மேகம் கிழிந்தது. வீடு, கொடி, துணி, வாளி, பூப்போட்ட கவுன்.

மேலே ஏறி, ஜிபிஎஸ்ஸை மறுபடி போட்டுப் பார்த்தார்கள்; அது அவர்களை மலைக்கு மேல் காட்டியது. வந்த வழியே திரும்பினார்கள். ரேடார்க்காரர்கள் கையைப் பிடித்துக் கூட்டிவருவது போல இறக்கினார்கள். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. காபி கொட்டிவிட்டது என்று ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார். கேப்டனுக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பட்டப்பெயர். அவருக்கு இருக்கைப் பட்டியை அவிழ்க்க வரவில்லை. இவள்தான் அவிழ்த்துவிட்டாள்.

தரையிறங்கியதும் விசாரித்தார்கள். கேப்டன், ஜிபிஎஸ் குழப்பம் என்றார். பொறியாளர், ஜைரோப் பெட்டி வழுவியிருக்கும், மாற்றிவிடுகிறோம் என்றார். இவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை அழுத்தியது இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். நடந்ததைக் கேட்டான். தங்கையின் தலையைத் தடவினான். பிறகு பழையபடி ஆகிவிட்டான்.

"கேப்டன் ஒண்ணு சொல்றாரு, இன்ஜினியர் ஒண்ணு சொல்றாரு, ரெண்டுலயும் உன் பேரு இல்ல. நீயா போய்க் கழுத்தை நீட்டி, வெட்டுங்கன்னு சொல்லப்போறியா? லைசென்ஸைப் பிடுங்கிட்டா அப்புறம் என்ன, என் கடையில பஞ்சர் ஒட்டுவியா? அதுக்கும் பொறுமை வேணும், உனக்கு வராது."

"அவங்க நல்லா இருக்கிற பெட்டியைக் கழட்டிட்டு இன்னொரு நல்ல பெட்டியை மாட்டுவாங்க அண்ணா. காலையில அதுக்கும் இதே பொய்யைத்தான் சொல்லுவாங்க."

"நாளைக்கும் அதே மாதிரி நடக்கும்னு என்ன கட்டாயம்? உன்னை மாதிரி எல்லாருமா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டான்.

பறப்பதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது, வேறு எதற்கும் ஆசைப்பட்டதுமில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் விடாமல் பேசினான். இன்னும் ஒரு வருடத்தில் கேப்டனாகப் போகிறவள், அதற்கப்புறம் ஒவ்வொருவருக்காகச் சொல்லித் திருத்தலாமே என்றான். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. நான் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் தைலம் தடவிக்கொண்டிருந்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வாக்கியம் சேர்ப்பது மலையேறுவது மாதிரி. இடது கையால் என் முழங்கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். மகளைப் பார்த்தார்.

"நாளைக்கு... யாரு... எடுக்குறா?"

டிப்போவில் வண்டியை விட்டு இறங்குகிற ஓட்டுநர் கேட்கும் கேள்வி அது. பிரேக் பிடிக்காத வண்டியை ஒப்படைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவனை அங்கே மனுஷனாகவே சேர்க்கமாட்டார்கள். மகள் நெடுநேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதே விமானம், அதே நிறுத்தம், காலை முதல் பயணம், அவளுக்கு அடுத்த வருடம் சேர்ந்த ஒரு துணை விமானி.

உடனே அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பணியில் இருந்தவர், காலையில் வந்து எழுதிக் கொடுங்கள், இப்போது ஆளில்லை என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் சீருடை போடவில்லை. அவள் கார் ஓட்டக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கடை வேனை எடுத்து வந்தான். பின்னால் டயர்கள் உருண்டுகொண்டிருந்தன. அங்கே நடந்தது நான் அவள் வாயால் கேட்டதுதான்.

பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு வெளியே கேப்டன் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார். அவர் நேற்று சொன்னதையே சொல்லி முடித்திருப்பார் என்று இவள் நினைத்தாள். அவர் சொன்னது வேறு.

"ஓடுபாதையில நிக்கும்போதே பார்த்தேன்மா. திரையில ஓடுபாதை தள்ளி நின்னுது. நாம அதுல நிக்கவே இல்லை. இந்த ஊர்ல தினமும் தள்ளித்தானே நிக்குதுன்னு விட்டுட்டேன்."

தன் தவறு ஒன்றுதான் என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். கோபம் வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. இத்தனை பேர் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியதாம். இருவரும் ஒன்றாக உள்ளே போய், நின்றபடியே சொன்னார்கள். அதிகாரி முழுதும் கேட்கவில்லை. பாதியில் எழுந்து, எந்த நிறுத்தம் என்று கேட்டு, இவளையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

விமானத்தில் ஏறும்போதே திரை தெரிந்தது. புதிதாக மாட்டிய ஜைரோ கேட்டுக்கொண்டிருந்தது, இந்த இடம் சரிதானா என்று. துணை விமானி திரும்பிப் பார்த்து, இவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "நேத்து இழுத்துட்டு வந்தாங்க இல்லையா, அதான் கேக்குது" என்று சிரித்தான். விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது.

இவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. வண்டியை நகர்த்தச் சொல்லி அதிகாரி கீழே சத்தம் போட்டார். உணவு வண்டி நகர்ந்தது. சுவரில் பலகை தெரிந்தது. அவள் வரைபடத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவன் தட்டினான். ஜைரோ முதலிலிருந்து தொடங்கியது. அது முடியும்வரை யாரும் விமானத்தை அசைக்கக்கூடாது என்பதால் பயணிகளைப் பேருந்திலேயே காக்க வைத்தார்கள். பிறகு மூன்று பெட்டிகளும் நிற்கும் இடத்தையே காட்டின.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி வந்தாள்.